எந்தத் தோட்டம்?

மதியத்தில் போன் அடித்தால் இன்றைக்கும் எனக்குப் பயம். பெரும்பாலும் கடன் அட்டை விற்கிற ஏதாவது ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லி வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடையில் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த மதியம் போனை எடுத்தது அவர்கள் இல்லையே.

ஈப்போவில் ஒரு டயர் கடையில் கவுண்டரும் கணக்கும் பார்க்கிறேன். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். கடைக்கு வருகிற லோரிக்காரர்கள் முதலாளியோடு மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள், என் பக்கம் திரும்ப மாட்டார்கள். முதலாளி சீனர், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். "நீ இருந்தா எனக்கு நாய் வேணாம்" என்று மலாயில் சொல்லிச் சிரிப்பார். கணவர் ஜோகூர் பக்கம் லோரி ஓட்டுகிறார், விடுப்பு கிடைக்கும்போது வருவார். ஒரே மகள், பாரம் ஒன் படிக்கிறாள், பதின்மூன்று வயது. இவர்கள் எல்லாரையும்விட என்னிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவன் ஒருவன் இருக்கிறான். ரொம்ப காலம் அவன் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

போனில் ஆடுகிற ஆட்டம் அது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். அடித்துக்கொண்டே போய் எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். மகள்தான் விளையாட்டாகப் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு அலுத்துப்போனது, எனக்குப் பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்கட்டில், அடுக்கி வைத்த டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஆடுவேன். சாயங்காலம் வீட்டில் சோறு கொதிக்கும்போது ஆடுவேன்.

ஆடுகிறவர்களுக்குத் தெரியும், எதிரி ஒரு பொருட்டே இல்லை. உயிரை வாங்குவது நம் பக்கத்து ஆட்கள்தான். ஆட்டம் தொடங்கிய கையோடு ஒருத்தன் காணாமல் போவான். இன்னொருத்தன் கோட்டைக்குள்ளேயே நின்று நடனம் ஆடுவான். தானே போய்ச் செத்துவிட்டு மற்ற நாலு பேரையும் முட்டாள் என்று எழுதுகிறவன் வேறு. மகள் சொல்வாள், "மியூட் பண்ணிடுங்கம்மா, பேசாதீங்க." அது நல்ல யோசனைதான். ஆனால் திட்டாமல் இருந்தால் எனக்குத் தலைவலி வரும். அதனால் தமிழில் திட்டுவேன். கூட ஆடுகிறவர்கள் மலாய்க்காரர்கள், சீனர்கள், இந்தோனேசியாக்காரர்கள். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம்.

அப்படித்தான் ஒருநாள் டேங்க்கைப் பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தேன். டேங்க் என்றால் முன்னால் நின்று அடி வாங்குகிறவன். அவன் வாங்கினால்தான் பின்னால் நிற்கிற நாங்கள் பிழைப்போம். இந்தப் புண்ணியவான் எனக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டிருந்தான். "நீயெல்லாம் டேங்க்காடா? மொட்டை மாடில வச்சா தண்ணியாவது புடிக்கலாம்!" என்றேன். பிறகு மெதுவாக ஒரு குரல்.

"அக்கா, புரியுது லா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டா முன்னால போகல?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது. "பயமா இருக்குக்கா. அஞ்சு பேரும் ஒண்ணா வராங்க" என்றான். பயப்படுகிற டேங்க்கை நான் அதுவரை பார்த்ததில்லை.

அதே ஆட்டத்தில் இன்னொரு குரலும் சிரித்தது. அழுத்தமான, இனிமையான குரல். தூரத்திலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவன், நாங்கள் ஷூட்டர் என்போம். நன்றாக ஆடினான். ஒரு குண்டுகூட வீணாகாது. அவன்தான் கேட்டான்.

"அக்கா நம்ம ஆளா? எந்தத் தோட்டம்?"

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் முதல்முறை பார்த்துக்கொண்டால் கேட்கிற கேள்வி இதுதான். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், லிஃப்டுக்குள். தோட்டமே இல்லாமல் போன பிறகும் கேட்கிறோம். எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், தொழிலாளிகள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்தார்கள், ஆட்களுக்குப் பக்கத்திலேயே வரிசை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பலகையில் தாமான், அதாவது குடியிருப்பு, என்று ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அதை நாங்கள் சொல்வதே இல்லை. தோட்டம்தான். பதில் சொன்னதும் எதிராளி, "அட, அங்கே எங்க சித்தி இருந்தாங்களே" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அந்நியன் சொந்தக்காரன் ஆகிவிடுவான்.

நானும் சொன்னேன். வாய் கொள்ளாமல் சொன்னேன். தோட்டத்தின் பேர், ஈப்போவிலிருந்து எந்த ரோடு, கோவிலைத் தாண்டி எந்தப் பக்கம். என் அப்பா ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டுகிற ஆட்களுக்கு மண்டோராக இருந்தவர். மண்டோர் என்றால் ஆட்களை மேய்க்கிற ஆள். அவர் இறந்து, வீடும் மாறிய பிறகும் எங்கள் வீட்டுக்கு மண்டோர் வீடு என்றுதான் பேர்.

"மண்டோர் வீடு எதுன்னு கேட்டாப் போதும், நாய்கூடக் காட்டும்!" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு.

டேங்க் குறுக்கே புகுந்தான். "அக்கா, மைக் ஓப்பன்ல இருக்குக்கா. மத்த ரெண்டு பேருக்கும் கேக்கும்."

"நீ வாய மூடிக்கிட்டு முன்னால போடா" என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தே ஆடினோம். ஷூட்டர் தனக்குத் தைப்பிங் ஊர் என்றான். டேங்க்குக்குப் பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டம், இப்போது ஈப்போவில் அறை எடுத்துத் தங்கிப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. டேங்க் மாறவே இல்லை. ஓடுவான், ஒளிவான், ஆட்டத்தின் நடுவில் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்பான். "கஸ்டமர் கேட்டுக்கு வந்துட்டாங்கக்கா, சாரிக்கா" என்பான். ஷூட்டர் ஒருநாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. "அக்கா இல்லன்னா டீமே இல்ல" என்பான். இவன்தான்டா கூட்டாளி என்று டேங்க்கிடமே சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாக ஷூட்டர் நம்பர் வாங்கி வாட்ஸப்பில் தனியாக எழுத ஆரம்பித்தான். சாப்டாச்சா அக்கா. வேலை முடிஞ்சிருச்சா அக்கா. அண்ணே இந்த வாரமும் வரலையா அக்கா. கணவர் வரவில்லை என்று இவனிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். சொல்லித்தான் இருந்தேன், ஆட்டத்துக்கு நடுவில் எதையெல்லாமோ சொல்லியிருந்தேன். அடுப்பை அணைக்கச் சொல்லி மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன், அதுவும் மைக்கில் போயிருக்கும்.

ஒருநாள் கேட்டான்: "பாப்பா ஸ்கூல் முடிஞ்சு தனியாவா இருக்கு? அதோட ஐடி குடுங்கக்கா. நான் அதோட ஆடி மேல தூக்கி விடுறேன். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு அதுகிட்டச் சொல்லிக்கிறேன், சர்ப்ரைஸ்."

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்தேன். என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொல்லுவானாம்.

ஆட்டத்துக்குள் போய் மைக்கைத் திறந்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். டேங்க்கைத் திட்டுவது மாதிரி இல்லை அது, டேங்க்கைத் திட்டும்போது எனக்கே உள்ளுக்குள் சிரிப்பு வரும். பட்டியலிலிருந்து அவனை எடுத்துப் போட்டேன், வாட்ஸப்பில் தடுத்தேன். தடுப்பதற்கு முன்னால் ஒரு செய்தி வந்துவிட்டது.

"கோவம் வேணாம்கா. மண்டோர் வீடுதானே. நாய்கூடக் காட்டும்."

என் வார்த்தை. நான் சிரித்துக்கொண்டே சொன்ன அதே வார்த்தை.

போலீஸ் பாலாய்க்குப் போனேன். அங்கே இருந்த போலீஸ்காரப் பெண் பொறுமையாகக் கேட்டார். செய்தியை அழிக்காதே, ஆள் வந்தால் உடனே கூப்பிடு என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. வந்தால் என்றார், அந்த வார்த்தையோடுதான் நான் வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு எனக்கு நல்ல சாப்பாடு இல்லை. கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினேன். கிரில்லை இழுத்து இழுத்துப் பார்த்தேன். யார் வந்தாலும் திறக்கக் கூடாது என்று மகளிடம் சொன்னேன். "சொந்தக்காரங்கன்னா?" என்று கேட்டாள். "சொந்தக்காரங்கன்னு சொன்னா கண்டிப்பாத் தெறக்காத" என்றேன். "யாரும்மா வரப்போறா?" என்றாள். திருடன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

கெட்டதில் கெட்டது எது தெரியுமா, அவன் குரல்தான் எனக்குத் தெரியும், முகம் தெரியாது. தெருவில் மெதுவாகப் போகிற ஒவ்வொரு காரும் அவன்தான். கடைக்கு வருகிற தமிழ் ஆள் ஒவ்வொருவனும் அவன்தான். ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்து, "அக்கா, ஸ்பேர் டயர் பாக்கணும்" என்றார். நான் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பையை விட்டுவிட்டேன். அவர் பாவம், கண்ணாடிச் சில்லைப் பொறுக்கக் குனிந்தார்.

பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்தேன். சின்ன வயதிலிருந்து தெரிந்தவர், லயனில் இருந்தபோதும் அடுத்த வீடுதான். "யாராவது என் வீட்டக் கேட்டா காட்டாதீங்கக்கா. பாப்பா தனியா இருக்கு." கேம் விஷயம் சொல்லவில்லை. இந்த வயதில் உனக்கு ஏன்டி இது என்பார். அக்கா என் தோளைத் தட்டி, "தெரியாத ஆளுக்கெல்லாம் நான் ஏம்மா காட்டப் போறேன்?" என்றார்.

அந்த மதியம் மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. போன் அடித்தது. அக்கா.

"ஏம்மா, உன் வீட்டுக்காரரு பக்கத்து ஆளு வந்திருக்காருன்னு சொல்லவே இல்லையே? தைப்பிங்காம். நல்ல மனுஷன். பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு."

நான் கவுண்டரை விட்டு எழுந்துவிட்டேன்.

"உன் வீடு பூட்டிக் கிடந்துச்சா, நம்ம வீட்டு முன்னாலயே நாற்காலி போட்டு, டீ போட்டுக் குடுத்தேன். பாப்பா ஸ்கூல் வேன் வர்ற நேரந்தான், இருங்கன்னு சொன்னேன்."

"அக்கா! அந்த ஆள வெளிய அனுப்புங்க! பாப்பாவ உங்க வீட்டுக்குள்ள வச்சுக் கதவச் சாத்துங்க!"

"நான் எங்க வீட்டுல இருக்கேன்? பசாருக்குக் காய் வாங்க வந்துட்டேன்லா, உங்க அண்ணே கூட மோட்டார்ல. ஏம்மா கத்துற? எந்தத் தோட்டம்னு கேட்டேன், டக்குன்னு சொன்னாரு. தெரியாத ஆளா?"

அவ்வளவுதான். அக்காவுக்கு அவன் தெரியாத ஆள் இல்லை. பழமும் ஒரு தோட்டத்துப் பேரும் கொண்டு வந்தவன் எங்களுக்கு எப்படித் தெரியாத ஆளாவான்? அக்காவைத் திட்ட வாயெடுத்தேன். நானும் அப்படித்தானே சொன்னேன், முகத்தைக்கூடப் பார்க்காமல்.

மகளின் போன் வீட்டில் இருக்கும், பள்ளிக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். வேன் ஓட்டுகிற மலாய் அம்மாவைக் கூப்பிட்டேன். மக்சிக் என்போம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கவே மாட்டார், அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மகளை அந்த வேனில் விட்டேன். போலீசைக் கூப்பிட்டேன். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். நான் அழுகிறேனா கத்துகிறேனா என்றே தெரியவில்லை. தவுக்கே டயரை உருட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே விட்டுவிட்டு வந்தார். "ஜோம், ஜோம்" என்று சாவியை எடுத்துக்கொண்டு பிக்கப்புக்கு ஓடினார்.

வழியெல்லாம் மழை. முன்கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. தவுக்கே சிவப்பு விளக்கைக்கூட மதிக்கவில்லை. நான் மக்சிக் எண்ணை அடித்துக்கொண்டே இருந்தேன். வேன் எந்த முனையில் இருக்கும் இப்போது? பெட்ரோல் ஊற்றுகிற எண்ணெய்க் கடைத் திருப்பம் வந்திருக்குமா? மகள் இறங்குவாள், கேட்டைத் திறக்கக் குனிவாள். மகள் மரியாதை தெரிந்தவள், பெரியவர் யாராவது கூப்பிட்டால் நின்றுவிடுவாள். நான்தான் அப்படி வளர்த்திருந்தேன். கடவுளே, நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் அந்த ஆட்டத்தைத் திறந்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. விரல் தானாகப் போனது. ஆளில்லாத நேரத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கிற பழக்கம். பட்டியலில் டேங்க் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தது.

"ஷூட்டர் என் வீட்டுக்கு வந்துட்டான். பாப்பா தனியா வருது. நீ எங்கடா இருக்க?"

உடனே பதில். "தோட்டத்து ரோடு கடை கிட்ட. பார்சல். வீடு தெரியும்கா."

வீடு தெரியுமா? இவனுக்கு எப்படி என் வீடு தெரியும்? இருந்த பயத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. இவனும் அவனும் கூட்டா? திரும்ப எழுதினேன். பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. சாம்பல் நிறம். அவ்வளவுதான், ஓடிவிட்டான். ஆட்டத்தில் ஓடுகிற மாதிரியே ஓடிவிட்டான். "பயந்தாங்கொள்ளி நாயே!" என்று அந்தப் போனைப் பார்த்துக் கத்தினேன். தவுக்கே தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தார்.

கோவிலைத் தாண்டித் திரும்பியதும் வீடு தெரிந்தது. வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள், கேட்டுக்குக் குறுக்கே, பின்னால் பெரிய பார்சல் பையோடு. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பையன் கேட்டில் முதுகை ஒட்டி நின்றான். அவனுக்கு ஓர் அடி முன்னால், குடை பிடித்துக்கொண்டு ஒரு ஆள். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கை மடிக்காத வெள்ளைச் சட்டை, ஒரு கையில் பழப்பை. என்னைவிடப் பெரியவன், இத்தனை நாளும் என்னை அக்கா என்றிருக்கிறான்.

மகள் இல்லை. வேன் இல்லை.

பிக்கப் நிற்பதற்குள் குதித்துவிட்டேன். "பாப்பா எங்கடா?" யாரைப் பார்த்துக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளைச் சட்டைக்காரன் திரும்பினான். அதே குரல். அதே இனிமை. "என்னக்கா, இந்த மழையில? சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். டீம்மேட்தானே?"

திட்ட வாய் வரவில்லை எனக்கு. டேங்க்கை அத்தனை நாளும் திட்டிய வாய், லோரிக்காரர்களை ஓட வைக்கிற வாய், அப்படியே செத்துப்போனது.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. பற்கள் தந்தியடிக்கிற குரல். "வேன்ல இருக்குக்கா. எறக்காதீங்கன்னு மக்சிக்கிட்டச் சொன்னேன். திருப்பிட்டுப் போய்ட்டாங்க. கோவில் பின்னால நிக்கிறாங்க."

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? டேங்க்.

அவன் முன்னால் நின்றான். கை, கால், ஹெல்மெட் கண்ணாடி எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. நகரவில்லை.

தவுக்கே இறங்கி என் பக்கத்தில் வந்தார். கையில் டயர் கழற்றுகிற நீள ஸ்பானர். யாரைத் தேடுகிறாய் என்று மலாயில் கேட்டார், ரொம்ப மரியாதையாக. வெள்ளைச் சட்டைக்காரன் ஸ்பானரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். பழப்பையை எங்கள் வீட்டுச் சுவரின் மேல் வைத்தான். "பாப்பாவுக்கு" என்றான். கூடவே மகளின் பேரையும் சொன்னான். பிறகு குடையை மடக்கி, அவசரமே இல்லாமல் தன் காரில் ஏறிப் போனான்.

கார் முனை திரும்பியதும் டேங்க் தண்ணீர் ஓடுகிற தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஹெல்மெட்டைக் கழற்றினான். ஒல்லிப் பையன், மீசை இன்னும் சரியாக வரவில்லை. "பயமா இருந்துச்சுக்கா" என்றான்.

"ஆஃப்லைன் போய்ட்டியேடா. ஓடிட்டன்னு நெனச்சேன்."

"மோட்டார் ஓட்டிக்கிட்டே எப்படிக்கா போன் பாக்குறது?"

"என் வீடு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி ஒரு தடவ பார்சல் குடுக்க வந்தேன்கா. நீங்க உள்ளேருந்து, வரேன் வரேன், ஹார்ன அடிக்காதன்னு கத்துனீங்க. தெனம் திட்டு வாங்குற எனக்குக் கொரல் தெரியாதா?" மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சொன்னா நீங்க பயப்படுவீங்க. அதான் சொல்லல."

நான் கோவிலுக்கு ஓடினேன். வேனுக்குள் மகள் மக்சிக்கின் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். கட்டிப் பிடித்தேன், விடவில்லை. "அந்த அங்கிள் என் பேரச் சொல்லிக் கூப்டாரும்மா" என்றாள் காதுக்குள். "எறங்கலாம்னுதான் எந்திரிச்சேன்."

போலீஸ் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள். டேங்க் தன் போனைக் காட்டினான். பார்சல் கொடுத்தால் வீட்டு எண்ணோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும், அவர்கள் வேலை அப்படி. பழக்கத்தில் எடுத்திருக்கிறான்: எங்கள் கேட், எங்கள் வீட்டு எண், பழப்பையோடு அந்த முகம், பின்னால் கார் நம்பர். போலீசுக்கு அது உதவியாக இருந்தது. ஆளைக் கூப்பிட்டு விசாரித்ததாகச் சொன்னார்கள். அவன் என்ன செய்தான், பழம் வாங்கிக்கொண்டு ஒரு வீட்டுக்கு வந்தான், அவ்வளவுதானே. இனி வர மாட்டான் என்றார்கள். வரவும் இல்லை. வரவில்லை என்பதால் பயம் போய்விடுமா என்ன?

பழப்பை மூன்றாம் நாள் வரை சுவரிலேயே இருந்தது. யாரும் தொடவில்லை. கடைசியில் அக்காதான் கையில் துணியைச் சுற்றி எடுத்துக் குப்பையில் போட்டார். போட்டுவிட்டு என் வீட்டு வாசலில் நின்று அழுதார். "டீ போட்டுக் குடுத்தேனேம்மா, நானு. டீ போட்டுக் குடுத்தேனே." என்னால் கோபப்படவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

கணவர் ஜோகூர் வேலையை விட்டுவிட்டு ஈப்போவிலேயே லோரி வேலை பார்த்துக்கொண்டார். மகள் இப்போது பள்ளி முடிந்ததும் நேராக டயர் கடைக்கு வந்துவிடுகிறாள். தவுக்கே அவளுக்காகப் பின்கட்டில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் ரொம்ப நாள் அந்த ஆட்டத்தைத் திறக்கவில்லை. திறந்த அன்று டேங்க் இருந்தான். ஆட்டம் தொடங்கியது. எதிரிகள் ஐந்து பேரும் வந்தார்கள். எனக்குப் பின்னால் ஓடி வந்து ஒளிந்துகொண்டான், எப்போதும் போல.

"பயமா இருக்குக்கா."

"இருடா, இரு" என்றேன். "எனக்கும்தான்." அந்த ஆட்டத்தில் தோற்றோம். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. தலைவலியும் வரவில்லை.

போன மாதம் சித்தியவான் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அம்மா நல்ல மனுஷி. மகளைப் பார்த்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அப்பளத்தை அவள் இலைக்கு நகர்த்தி வைத்தார். பிறகு, நாங்கள் எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"நீங்க எந்தத் தோட்டம்மா?"

மகள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "தெரியாது ஆன்ட்டி" என்றாள்.

அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. என்னைப் பார்த்து, "என்னம்மா இது, பிள்ளைக்கு இதக்கூடச் சொல்லிக் குடுக்கலையா?" என்றார்.

நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தின் பேர் தொண்டை வரை வந்து நின்றது. மகள் என் பக்கம் திரும்பினாள், சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற கண்ணோடு. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.